நகையும் செவியும்: 'துப்பறியும் சாம்பு' ஒலிநூல் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

நகைச்சுவை நூலை ஆராயப் புகுவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. நகைக்குக் காரணம் கூறி முடிப்பதற்குள் நகை மறைந்து காரணம் மட்டுமே எஞ்சிவிடும். அதனாற்போலும், புலவர் பெருமக்கள் அவலச் சுவைக்கும் வீரச் சுவைக்கும் எழுதிய அளவு நகைக்கு எழுதினாரல்லர். துப்பறியும் கதையோ பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பெற்றது. இவ்விரண்டும் ஒன்றுகூடிய நூல், அதனினும் ஏட்டில் படிக்கப்பெறாது செல்பேசி வழியே செவியிற் கேட்கப்பெறும் நூல், ஆராய்ச்சிக்கு உரியதாகுமோ எனச் சிலர் ஐயுறலாம். உரியதே என்பது இக்கட்டுரையின் துணிபு. தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு' ஒலிநூல் வடிவில் பெறும் சிறப்பும், அவ்வடிவில் நேரும் குறையும் ஈண்டு ஆராயப்பெறும்.

நூலும் அதன் பின்னணியும்

தமிழில் துப்பறியும் கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிவிட்டது. பண்டித நடேச சாஸ்திரியாரின் 'தானவன்' 1894இல் வெளிவந்தது. பின்னர் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் இத்துறையைப் பரப்பினர். இவர்தம் கதைகளில் மேலோங்கி நிற்பன தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சமும் மருட்கையுமாம். குற்றம் அச்சந்தரும், அதனைக் கண்டுபிடிக்கும் மதிநுட்பம் வியப்புத்தரும்.

தேவன் என்னும் புனைபெயர் கொண்ட ஆர். மகாதேவன் (1913-1957) இவ்வமைப்பைத் தலைகீழாக்கினார். ஆனந்த விகடனில் 1942இல் அவர் எழுதத் தொடங்கிய சாம்பு கதைகளின் தலைவன் வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவன்; மதிநுட்பம் என்பது சிறிதும் இல்லாதவன். அவன் கால் இடறி விழுந்தால் விழுந்த இடத்தில் திருட்டுப்பொருள் இருக்கும். அஞ்சி ஓடினால் ஓடிய வழியில் குற்றவாளி அகப்படுவான். அவன் ஏதும் புரியாமல் விழித்து நிற்பதும் ஆழ்ந்த சிந்தனை என்றே பிறரால் கொள்ளப்பெறும். மேனாட்டுத் திரையில் இத்தகைய துப்பறிவாளராகிய குளூசோ, 'பிங்க் பாந்தர்' படத்தின் வழித் தோன்றியது 1963இல்தான். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவன் நம் சாம்பு.

பேதைமையும் மடனும்

நகை பிறக்கும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கும். இவற்றுள் பேதைமை அறிவின்மை என்றும், மடன் கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை என்றும் உரைமரபு வேறுபடுத்தும். இரண்டும் ஒன்றே போலத் தோன்றுதலின், இவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்குவதில் யான் பன்முறை இடர்ப்பட்டதுண்டு. அதற்குத் தக்க எடுத்துக்காட்டு வகுப்பறைக்கு வெளியே கிடைத்தது.

யான் வாழும் சுங்குவார்சத்திரம், சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்திற்கும் இடையே உள்ளது. வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தைப் பெயரிற்கொண்ட இவ்வூரில், இன்று தொழிற்சாலைகளுக்குப் பணிமுறை மாறிச் செல்வோர் நிறைந்துள்ளனர். காலைப் பேருந்தில் என் அருகே அமர்ந்து வரும் இளம்பெண் ஒருவர் இரவுப்பணி முடித்துத் திரும்புபவர். நுண்ணிய உறுப்புகளை உருப்பெருக்காடியின்கீழ்ச் சோதிப்பது அவர் தொழில். யான் தனியே நகைத்ததைக் கண்டு காரணம் வினவினார். ஒலிநூலின் பெயரைக் கூறினேன். ஒரு கிழமை கழித்து அவரே ஒரு வினாவுடன் வந்தார்: "அந்த இன்ஸ்பெக்டருக்குக் கடைசி வரைக்கும் உண்மை தெரியவே தெரியாதா சார்?"

இவ்வினா நூலின் உயிர்நிலையைத் தொட்டது. அதுவரை யான் நகைக்கு நிலைக்களன் சாம்பு என்றே கருதியிருந்தேன். சாம்புவிடம் உள்ளது பேதைமை. இன்ஸ்பெக்டர் கோபாலனிடம் உள்ளதோ மடன். அவர் அறிவிலர் அல்லர், கடமையில் தேர்ந்தவர், காரணகாரியம் காட்டிப் பேசவல்லவர். ஆயினும், சாம்பு பேரறிஞன் என்னும் கருத்தை ஒருமுறை கொண்டார், கொண்டதை விடாராயினார். தற்செயலாய் நிகழ்ந்ததற்கு இறுதியில் அவர் நுணுகி நுணுகிக் காரணம் காட்டும்போது, அவர் அறிவே அவரை ஏமாற்றுகின்றது. அறிவிலி தவறு செய்தல் எளிய நகை. அறிவுடையான் தன் அறிவு முழுவதையும் ஒரு தவற்றைக் காத்தற்குச் செலவிடுதல் உயர்ந்த நகை. புகழ்பெற்றார் கூறும் வெற்றுரைக்கும் ஆழ்பொருள் காணும் வழக்கம் ஆராய்ச்சியுலகிலும் உண்டாதலின், கோபாலனை நோக்கி நகைக்கும் நாம் நம்மையும் சிறிது நோக்கிக்கொள்ளல் தகும்.

கேட்டலின் இயல்பு

இம்மடனை ஏட்டைவிடச் செவியே நன்கு உணர்த்துகின்றது. அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, கண் தாவிச் செல்லும், செவி தாவாது. படிப்போர் முடிவறியும் வேட்கையால் கோபாலனின் விளக்கவுரையை விரைந்து கடந்துவிடுவர். கேட்போர் ஒவ்வொரு சொல்லையும் அதன் முறையிலேயே பெறுதல் வேண்டும். மறைந்திருப்பது வெளிப்படும்வரை காத்திருத்தல் துப்பறியும் கதையின் உயிர். அக்காத்திருப்பு முன்னர் விகடனின் வாரத்தவணையால் அமைந்தது. இன்று படிப்பவர் குரலின் நடையால் அமைகின்றது.

இரண்டாவது, கதையில் இருவகைக் குரல்கள் உள. சாம்புவின் பேச்சு தயங்கித் தயங்கி முடிவுறாது நிற்பது. கோபாலன் பேச்சு உறுதியும் பெருமிதமும் உடையது. யான் கேட்ட பதிவில் ஒருவரே இரண்டனையும் படித்தார். அவர் குரலைப் பெரிதும் மாற்றவில்லை; சாம்புவுக்குச் சற்றே நீண்ட இடைவெளி விட்டார், அவ்வளவே. ஏட்டில் ஒரு சிறு புள்ளிவரிசையாய் நிற்கும் அவ்விடைவெளியைச் செவியிற் கேட்குங்கால், சாம்புவின் உள்ளம் வெற்றிடமாதல் நமக்குப் புலனாகின்றது. அதே இடைவெளியைக் கோபாலன் சிந்தனையாகக் கொள்ளுதலும் உடன் புலனாகின்றது. நகை அங்கே பிறக்கின்றது.

கேட்டல் புதுவழக்கு என்று இதனைத் தாழ்த்துவாரும் உளர். பாடம் படித்தல் என்னாது பாடங்கேட்டல் என்ற வழக்கும், நன்னூல் அதற்கு வகுத்த முறையும், திருக்குறளில் கேள்விக்குத் தனி அதிகாரம் அமைந்தமையும் அறிந்தோர் அவ்வாறு கூறார். வார இதழை ஒருவர் படிக்க வீட்டார் சூழ்ந்திருந்து கேட்ட வழக்கமும் அண்மைக்காலம்வரை இருந்ததே. இரவெல்லாம் கண்ணைத் தொழிலுக்குத் தந்துவிட்டுத் திரும்பும் ஒருவர்க்கு எஞ்சியிருப்பது செவி. அச்செவிக்கு இலக்கியம் சென்றடைதலை இழிவு எனல் பொருந்தாது.

குறைகள்

ஒலிநூலின் குறைகளையும் கூறல் கடன். ராஜு, கோபுலு ஆகிய ஓவியர்தம் சித்திரங்களால் சாம்புவின் தோற்றம் தமிழர் நெஞ்சிற் பதிந்தது. ஒலியில் அவ்வின்பம் இல்லை. கதைகளை இடைவிடாது தொடர்ந்து கேட்பின், கதைதோறும் வரும் ஒரே அமைப்பு சலிப்புத்தரும். கிழமைக்கு ஒன்றாக எழுதப்பெற்றவை அவை. நாளுக்கு ஒன்றாகவேனும் கேட்டல் நன்று. ஒலியின் விரைவைக் கூட்டிக் கேட்பாரும் உளர். மேற்கூறிய இடைவெளிகள் அதனால் அழிந்து, நகையும் உடன் அழியும்.

நூலுக்கே உரிய குறை ஒன்றும் செவியில் மிகும். தேவன் நன்கறிந்தது நகர்ப்புற நடுத்தரக் குடும்பங்களின் பேச்சு. பணியாளரும் சிறுதிருடரும் அவர் கதைகளில் பெரும்பாலும் வகைமாதிரிகளாகவே வந்துபோவர். படிப்பவர் அன்னோர் பேச்சை மிகைப்படுத்தி நடிப்பாராயின், ஏட்டில் மெல்லிதாய் இருந்த எள்ளல் இளிவரலாக மாறிவிடும். படிப்பவர் கேட்போர்க்கு முன் நகைத்தலும் ஆகாது.

முடிவுரை

தேவன் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தமையின், பதிப்புரிமைச் சட்டப்படி அவர் நூல்கள் 2018 முதல் பொதுவுடைமையாயின. யாரும் படிக்கலாம், பதிவுசெய்யலாம். எனவே ஒரே கதை பல குரல்களில் வெளிவர இடமுண்டு. அக்குரல்களை ஒப்பிட்டு ஆராய்தல் தமிழ்த்துறை மாணவர்க்குத் தக்க பணியாகும். எந்த இடைவெளி நகை தருகின்றது, எது தரவில்லை என்று காண்பது மெய்ப்பாட்டியலைப் பயிலும் ஒரு வழியே.

அப்பெண்ணின் வினாவுக்கு யான் உடனே விடையளிக்கவில்லை. பேருந்து சத்திரத்தை அடையுமுன் அவரே கூறினார்: "தெரிஞ்சுட்டா கதையே இல்ல சார்." மடனுக்கு யான் வகுப்பில் கூறிவந்த விளக்கங்களினும் அது சிறந்தது. கொண்டது விடாத ஒருவர் இருக்கும்வரை நகைக்குக் குறைவில்லை என்பதை அவர் கேட்டே உணர்ந்துகொண்டார்.