சிங்கம், குகை, கண்ணாடித் தட்டு

கொடைக்கானலில் யாரும் கட்டாமலே ஒரு சினிமாக் காட்சிசாலை உண்டாகியிருக்கிறது. தூண்பாறைக்குப் போகும் வழியில், சோலை மரங்களின் வேர்கள் மண்ணுக்கு மேலே பின்னிக்கிடக்கும் சரிவைத் தாண்டினால் கம்பி வேலி. வேலிக்கு அப்பால் பாறைப் பிளவு. உள்ளே இறங்க அனுமதியில்லை. பார்ப்பதற்கு இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. 1821இல் பி. எஸ். வார்டு என்கிற வெள்ளைக்கார அதிகாரி இதைக் குறித்துவைத்தார். 'டெவில்ஸ் கிச்சன்' என்று பெயர் வழங்கிற்று. பாண்டவர்கள் சமைத்துச் சாப்பிட்ட இடம் என்று ஒரு கதையும் உண்டு. 1991இல் 'குணா' வந்தது. பிசாசும் பாண்டவர்களும் இடத்தைக் காலி செய்துவிட்டார்கள். இப்போது இது குணா குகை.

நான் போன அன்று வேலியோரம் நின்றவர்கள் குழியை அதிகம் பார்க்கவில்லை. கைபேசியில் அந்தக் கடிதப் பாட்டை ஓடவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் 'அபிராமி' என்று மூன்று முறை குரல் கொடுத்தான். நான்காம் முறை கூட வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சிரிப்பு. அப்புறம் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததால்தான் இதை எழுதுகிறேன்.

ரசிக மடமை என்று தள்ளிவிடலாம். நமக்குப் பழக்கமான காரியம்தான். ஆனால் படத்தை ஒரு முறை யோசித்துப் பார்க்க வேண்டும். இயக்கம் சந்தானபாரதி. கதை சாப் ஜான். ஒளிப்பதிவு வேணு. வசனம் பாலகுமாரன், அதாவது கசடதபறவில் எழுதிய அதே பாலகுமாரன். தீபாவளிக்குத் 'தளபதி'யோடு சேர்ந்து வெளிவந்து, அதன் ஆரவாரத்தில் எடுபடாமல் போயிற்று. மனம் பிறழ்ந்த ஒருவன் தனக்குள் இருக்கும் அபிராமி என்ற தெய்வத்தைக் கண்ணில் பட்ட ஒரு பெண்ணின் மேல் ஏற்றுகிறான். அவள் மறுக்கிறாள், தப்பிக்கப் பார்க்கிறாள், கடைசியில் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்கிறாள். ஏற்றுக்கொண்ட பிறகு அவளுக்கு உலகத்தில் இடமில்லை. பிம்பத்தை ஆளாக எடுத்துக்கொள்வதில் உள்ள அபாயம்தான் படத்தின் பொருள். திரைக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திய ஒரு சமூகத்துக்கு இதைவிட நேரான கதையைச் சொல்லியிருக்க முடியாது. நட்சத்திரமே அதைச் சொன்னது இன்னும் விசேஷம். ஜனங்கள் அந்தக் கதையைப் பின்னால் ஒரு குழிக்குச் சூட்டிவிட்டார்கள். பெண் பெயரை ஏற்றதுபோல் குழியும் ஏற்றுக்கொண்டது.

சென்னை தியாகராய நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லம் இருக்கிறது. அங்கே அவருடைய அம்பாசிடர் கார் நிற்கிறது. உடைகள், பரிசுகள், கேடயங்கள். எல்லாவற்றையும்விடக் கூட்டம் நிற்பது ஒரு சிங்கத்தின் முன். 1969இல் வந்த 'அடிமைப்பெண்'ணில் நடித்த சிங்கம். செத்த பிறகு பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். கொடைக்கானலுக்குக் கீழே செண்பகனூரில், சேசு சபையார் 1895இல் நிறுவிய திரு இருதயக் கல்லூரியின் காட்சிசாலையிலும் பாடம் செய்த மிருகங்களும் பறவைகளும் உண்டு. இரண்டிலும் உள்ளே அடைத்திருப்பது ஒரே பஞ்சுதான். காரியம் வேறு. செண்பகனூர்ப் பறவை தன் இனத்துக்காக நிற்கிறது. இந்த மலையில் இப்படி ஒன்று இருந்தது, அலகு இவ்வளவு நீளம், இறகு இந்த நிறம் என்று சாட்சி சொல்கிறது. அதைக்கொண்டு இன்னொரு பறவையை அடையாளம் காணலாம். தியாகராய நகர்ச் சிங்கம் எந்த இனத்துக்காகவும் நிற்கவில்லை. அது அவர் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான் அதன் அர்த்தம். ஒன்று மாதிரி. மற்றது திருச்சின்னம்.

திருச்சின்னம் வைப்பதில் தவறில்லை. கோயில்காரர்கள் காலங்காலமாகச் செய்வது. சங்கடம் வேறிடத்தில். கார் ஓடியது வீதியில். சட்டையைப் போட்டது உடம்பு. நடிகன் நடிகனாக இருந்தது இவற்றில் அல்ல, வெள்ளித் துகள் படிந்த ஒரு சுருளில், வெளிச்சம் அதன் வழியாகப் போன நேரத்தில். நட்சத்திரத்தின் உடம்பு அந்தச் சுருள். அதை நாம் என்ன செய்தோம்?

1931இல் வந்த 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும் படமென்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டி. பி. ராஜலட்சுமி நாயகி. படத்தின் பிரதி இல்லை. நைட்ரேட் சுருள் தீப்பிடிக்கும், புழுங்கிப் பொடியாகும். பழைய சுருளைக் காய்ச்சி வெள்ளி எடுப்பதும் ஒரு தொழிலாக இருந்தது. தென்னிந்திய மௌனப்படங்களில் எஞ்சியது 1933இன் 'மார்த்தாண்டவர்மா'. அது பிழைத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். சி. வி. ராமன் பிள்ளை நாவலின் உரிமை வைத்திருந்த கமலாலயா புத்தகக் கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். படம் முடக்கப்பட்டுக் கடையிலேயே கிடந்தது. பல பத்து வருஷம் கழித்துப் புனே தேசியத் திரைப்படக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஓடிய படங்கள் தேய்ந்தும் எரிந்தும் போயின. தடுக்கப்பட்ட படம் நின்றது. அன்பு காப்பாற்றவில்லை, வழக்கு காப்பாற்றியது.

கொடைக்கானலில் இன்னொரு காட்சிசாலையும் உண்டு. குகைக்குப் போகிற கூட்டத்தில் பாதிகூட அங்கே போவதில்லை. 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடம். அங்கே 1904 முதல் வெயில் தெரிந்த நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள், முதலில் கண்ணாடித் தட்டுகளில், பிறகு படச்சுருளில். இரண்டு உலக யுத்தங்கள், சுதந்திரம், அவசர நிலை, எதற்கும் வேலை நிற்கவில்லை. ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது இங்கேதான். சூரியனும் ஒரு நட்சத்திரம். ஒரு நட்சத்திரத்தின் நிழலுருவை நூறு வருஷத்துக்கு மேல் இடைவிடாமல் காத்து வைத்திருக்கிற ஊர் இது.

ஏன் காத்தார்கள்? பக்தியினால் இல்லை. சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய பதினோரு வருஷத்துக்கு ஒரு முறை பெருகிக் குறைகின்றன. இன்றைய சூரியனை மட்டும் பார்த்தால் அது தெரியாது. முப்பது வருஷத்துக்கு முந்திய ஒரு செவ்வாய்க்கிழமையின் சூரியன் வேண்டும். கேள்வி இருந்தது, அதனால் தட்டு பத்திரமாக இருந்தது. கேள்வி இல்லாத இடத்தில் காரும் சட்டையும்தான் மிஞ்சும்.

இங்கேதான் நம்மைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. தமிழ்ச் சினிமாவிடம் கேள்வி கேட்டிருக்க வேண்டியவர்கள் யார்? வணிகப் பத்திரிகைக்காரன் கேட்க மாட்டான், அவனுக்கு அட்டைப்படம் போதும். ரசிகனுக்குத் தரிசனம் போதும். மிச்சம் நாம். நாம் பெர்க்மனையும் சத்யஜித் ரேயையும் எழுதினோம். எழுதியது சரி. அந்தக் கண்ணை வீட்டுப் பக்கம் திருப்பும்போது வசை மட்டும் வந்தது. ஒரு நடிகன் தலையை எப்படித் திருப்பினான், அந்தத் திருப்பலில் எந்த நாடக மரபு இருந்தது, எது புதிது என்று எத்தனை பேர் விவரமாக எழுதினோம்? சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனி நடையிலிருந்து காமிராவுக்கான நடை பிரிந்த இடத்தைக் காட்ட, இன்று படமும் இல்லை, விமர்சனமும் இல்லை. பக்தி காரைக் காப்பாற்றிற்று. நம்முடைய அலட்சியம் எதையும் காப்பாற்றவில்லை.

காப்பாற்றிய ஒருவரைச் சொல்லலாம். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா. இலக்கியம், வைத்தியம், குஜிலிப் பாட்டு என்ற பேதமில்லாமல் சேர்த்தார். சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்தார். கொட்டகை வாசலில் அணாவுக்கு விற்றுப் படம் முடிந்ததும் கசக்கி எறியப்பட்டவை. கதைச் சுருக்கம், நடித்தவர் பட்டியல், பாட்டு. படம் அழிந்த பிறகு அந்தச் சாணித்தாள்தான் சாட்சி. இது உயர்ந்தது, அது தாழ்ந்தது என்று அவர் தீர்மானித்திருந்தால் இன்று 1994இல் அவர் பெயரில் சென்னையில் எழுந்த நூலகத்தில் பாதி அலமாரி காலியாக இருக்கும். நம் பத்திரிகைகளின் பழைய இதழ்களைத் தேடி நாமே அங்கேதான் போகிறோம் என்பதையும் மறக்க வேண்டாம்.

குகைக்குத் திரும்புகிறேன். 2006இல் கேரளத்து மஞ்ஞும்மலிலிருந்து வந்த நண்பர் கூட்டத்தில் ஒருவர் அந்தக் குழியில் விழுந்தார். இன்னொருவர் கயிறு கட்டி இறங்கித் தூக்கிவந்தார். 2024இல் அதைச் சிதம்பரம் மலையாளத்தில் படமாக்கினார். அதில் நாம் பார்க்கும் குழியின் பெரும்பகுதி செட். பூட்டிய குகையை அளந்து பார்த்து வேறிடத்தில் கட்டினார்கள். பழைய படத்தின் கடிதப் பாட்டைக் கொண்டுவந்து, ஒருத்திக்குச் சொன்னதை ஒரு சிநேகிதனுக்குச் சொன்னதாக மாற்றிவிட்டார்கள். அந்தப் பாட்டுக்குள் இப்படி ஓர் அர்த்தம் இருந்தது முப்பது வருஷமாக நமக்குத் தெரியவில்லை. 'குணா'வைப் பற்றி எழுதப்பட்ட நல்ல விமர்சனம் அந்தப் படம்தான் என்பேன். அது குணாவை வணங்கவில்லை, ஏளனமும் செய்யவில்லை. உபயோகித்தது.

வேலியோரத்துப் பையன் மூன்று முறை கூப்பிட்டது விளையாட்டு. நான்காம் முறைக்குப் பிறகு அவர்கள் அமைதியானது, பதில் வருமா என்று பார்த்ததனால் இருக்கலாம். குழியிலிருந்து குரல் திரும்பி வரவில்லை, பனிமூட்டம் கெட்டியாக இருந்தது. அவர்கள் டீ குடிக்கப் போனார்கள். பதில் சொல்லியிருக்க வேண்டியது குழியல்ல.