ஃபைட்டருக்கு எதுக்குப் புத்தி?

போன வருஷம் எங்கள் ஞாயிற்றுக்கிழமை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்குக் கல்லூரி நண்பன் ஒருவன் புதிதாக வந்தான். ஆட்டத்தை நடத்துகிற டிஎம் நான். ஐந்தாம் பதிப்பு, 2014-ல் வந்த விதிகள். அவன் ஒரு ஃபைட்டரை எழுதிக்கொண்டு வந்திருந்தான். படையோடு ஊர் ஊராகப் போய் வரைபடம் வரைந்த ஆள், வயதான காலத்தில் வாளைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. மனிதருக்குக் கிடைக்கும் கூடுதல் புள்ளிகளையும் சேர்த்து எண்கள் இப்படி: புத்தி 16, விவேகம் 14, தாக்குப்பிடிப்பு 14, வசீகரம் 12, பலம் 10, சுறுசுறுப்பு 8.

தாளைப் பார்த்ததும் என் வாயில் வந்தது இதுதான்: "ஃபைட்டருக்கு எதுக்குடா புத்தி? அந்த 16-ஐத் தூக்கிப் பலத்துல போடு."

அன்றைக்குக் கேட்கவில்லை. மூன்றாவது ஞாயிறு தானாகவே மாற்றிக்கொண்டு வந்தான். பலம் 16, புத்தி 10. "இப்ப நல்லா அடிக்கிறான். ஆனா இது என் ஆளு இல்ல, உன் ஆளு" என்றான். இன்னும் இரண்டு வாரம் வந்தான், அப்புறம் வரவில்லை.

நான் சொன்னது சரியா தப்பா என்று ரொம்ப நாள் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பழைய விதிப் புத்தகங்களை வரிசையாக எடுத்துப் படித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

ஆடாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் மேலே சொன்ன ஆறு திறன்கள் உண்டு. பழைய முறையில் ஒவ்வொன்றும் 3-லிருந்து 18-க்குள் இருக்கும். அதோடு ஒரு கிளாஸ், அதாவது தொழில்: ஃபைட்டர், விசார்ட், கிளெரிக் மாதிரி. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு முதன்மைத் திறன் உண்டு. ஃபைட்டருக்குப் பலம், விசார்டுக்குப் புத்தி, கிளெரிக்குக்கு விவேகம். உங்களிடம் இருப்பதில் பெரிய எண்ணை அதில் வை என்பதுதான் புதிதாக வருகிறவருக்கு எல்லோரும் சொல்லும் முதல் பாடம்.

இந்தப் பாடம் எங்கிருந்து வந்தது? 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் எழுதிய முதல் பதிப்பிலேயே முதன்மைத் திறன் இருக்கிறது. பெயர் பிரைம் ரெக்விசிட். ஆனால் அது செய்த வேலை வேறு. அந்தப் புத்தகத்தில் பலம் 16 உள்ள ஃபைட்டரும் பலம் 10 உள்ள ஃபைட்டரும் ஒரே பகடையை உருட்டி, ஒரே எண்ணுக்கு மேல் வந்தால் எதிரியை அடித்துவிடுவார்கள். அடியின் வேகமும் ஒன்றுதான், ஆறு பக்கப் பகடை ஒன்று. பலம் எங்கே உதவியது என்றால் அனுபவப் புள்ளியில். முதன்மைத் திறன் 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் சம்பாதிக்கும் அனுபவத்தில் 10 சதவீதம் கூடுதல். 13, 14 என்றால் 5 சதவீதம். 9 முதல் 12 வரை ஒன்றும் இல்லை. 7, 8 என்றால் 10 சதவீதம் பிடித்தம். 6 அல்லது அதற்குக் கீழ் போனால் 20 சதவீதம் பிடித்தம்.

ஃபைட்டர் இரண்டாம் நிலைக்குப் போக 2,000 புள்ளி வேண்டும். பலசாலி சுமார் 1,818 சம்பாதித்தாலே போதும். நோஞ்சான் 2,500 சம்பாதிக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். நோஞ்சான் ஃபைட்டர் வேலையை மெதுவாகக் கற்றுக்கொள்வான். அதற்காகச் சண்டையில் அவன் கை ஓங்காது என்று கிடையாது.

இதைவிட எனக்குச் சுருக்கென்று பட்டது இன்னொரு விதி. அதே 1974 புத்தகத்தில் ஃபைட்டர் தன் புத்தியை 2-க்கு 1 என்ற கணக்கில் முதன்மைத் திறனோடு சேர்த்துக்கொள்ளலாம். அனுபவக் கணக்குக்கு மட்டும்தான், ஆனாலும் சேர்த்துக்கொள்ளலாம். புத்திசாலி ஃபைட்டர் சீக்கிரம் தேறுவான் என்பதை ஆட்டத்தை உருவாக்கியவர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். என் நண்பனின் ஆளுக்கு அந்தப் புத்தகத்தில் இடம் இருந்தது. நான்தான் "எதுக்குடா" என்று கேட்டேன்.

இது ரொம்ப நாள் நீடிக்கவில்லை. அடுத்த வருஷமே, 1975-ல், கிரேஹாக் என்ற துணைப் புத்தகம் வந்தது. அதில் பலசாலி ஃபைட்டருக்கு அடி படும் வாய்ப்பும் அடியின் வேகமும் கூடின. 18 பலம் இருந்தால் அதற்கு மேல் நூற்றுக்கணக்கில் இன்னொரு பகடை வேறு. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லாவற்றையும் ஒரே சூத்திரத்தில் அடக்கியது: 10-க்கு மேல் ஒவ்வொரு 2 புள்ளிக்கும் பகடையில் 1 கூடுதல். எந்தத் திறனாக இருந்தாலும் இதே கணக்கு. மனப்பாடம் பண்ணவே வேண்டாத அளவுக்குச் சுலபம். ஆனால் அப்போதிலிருந்து முதன்மைத் திறன் என்பது கற்கும் வேகம் இல்லை. வேலை நடக்குமா நடக்காதா என்பதே அதன் கையில்தான்.

எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2014 விதிப்படி கொப்ளினின் கவச எண் 15, உயிர்ப்புள்ளி 7. முதல் நிலை ஃபைட்டர், எட்டுப் பக்கப் பகடை உருட்டும் வாள். பலம் 16 என்றால் 20 தடவை வீசினால் 11 படும். பலம் 10 என்றால் 8 படும். இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் பட்ட அடியில் கொப்ளின் சாகவும் வேண்டும். பலம் 16 என்றால் பகடையில் 4 வந்தாலே போதும், பலம் 10 என்றால் 7 வர வேண்டும். 20 விழுந்தால் பகடையை இரட்டிப்பாக்கும் விதியையும் சேர்த்தால், ஒரே வீச்சில் கொப்ளினைக் கொல்லும் வாய்ப்பு முதல் ஆளுக்குச் சுமார் 36 சதவீதம், இரண்டாம் ஆளுக்குச் சுமார் 13. இதோடு கவசமும் சேர்ந்துகொண்டது. செயின் மெயிலுக்குப் பலம் 13 வேண்டும், இல்லாவிட்டால் நடை 30 அடியிலிருந்து 20 அடியாகக் குறையும். நண்பனின் ஆள் எல்லோருக்கும் பின்னால் மெதுவாக நடந்து வந்து, எட்டு வீச்சுக்கு ஒரு கொப்ளினைக் கொன்றுகொண்டிருந்தார். மூன்றாவது வாரம் அவன் தாளை மாற்றியதில் ஆச்சரியமே இல்லை.

அப்படியென்றால் என் அறிவுரை சரிதானே? கணக்கு அப்படித்தான் சொல்கிறது. என் புகார் கணக்கின் மேல் இல்லை, அது மற்ற ஐந்து எண்களை என்ன செய்கிறது என்பதில்தான். 2014 புத்தகத்தில் 12 கிளாஸ்கள். புத்தியை முதன்மையாகக் கொண்டது அதில் விசார்ட் ஒன்றுதான். பேட்டில் மாஸ்டர் என்று ஃபைட்டரில் ஒரு கிளை இருக்கிறது. போர்க்கலையைப் பாடமாகப் படித்தவன் என்றுதான் புத்தகம் அவனை அறிமுகப்படுத்துகிறது. அவனுக்கு வரும் ஒரு சிறப்புக்கே போர் மாணவன் என்ற பொருளில் பெயர். ஆனால் அவனுடைய தந்திரங்களை எதிரி தாங்குவானா என்று பார்க்கும் எண்ணில் பலமோ சுறுசுறுப்போ சேரும், புத்தி சேராது. வார்த்தையில் அறிஞன், கணக்கில் பயில்வான். இப்படி எழுதிவிட்டு, ஆட வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஃபைட்டரை எழுதுகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை.

இந்தச் சிக்கலை வடிவமைத்தவர்கள் கவனிக்காமல் இல்லை. ஆனால் அவர்கள் பிடித்த தீர்வில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. 2008-ன் நான்காம் பதிப்பில் பாலடின் வசீகரத்தாலேயே வாள் வீசலாம். 2017-ல் வந்த ஹெக்ஸ்பிளேடும் அப்படித்தான், வாளுக்கும் வசீகரம், மந்திரத்துக்கும் வசீகரம். மற்ற எண்களுக்கும் வேலை கொடுப்பதற்குப் பதிலாக, முதன்மை எண்ணுக்கே எல்லா வேலையையும் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் ஒருத்தர் தலையிலேயே எல்லாச் சுமையையும் கட்டிவிட்டு, மற்றவர்களைப் பார்த்து "நீங்க சும்மா உக்காருங்க" என்று சொல்வது மாதிரி.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. 1974 முறையில் எண்களைத் தேர்ந்தெடுக்கவே முடியாது, மூன்று பகடை உருட்டி வந்ததுதான் வாழ்க்கை. 15 அல்லது அதற்கு மேல் வருவதற்கு நூற்றுக்கு ஒன்பதுக்குச் சற்று மேல்தான் வாய்ப்பு. அதிர்ஷ்டக்காரனுக்கே மேலும் அனுபவம் கொடுப்பது, இருக்கிறவனுக்கே இன்னும் அள்ளிக் கொடுக்கிற கதைதான். 1975-ல் வந்த பாலடினுக்கு வசீகரம் 17 வேண்டும். மூன்று பகடையில் அது வர 216-ல் 4 வாய்ப்பு. அந்தச் சீட்டு விழுந்தவனுக்குத்தான் அந்த கிளாஸின் சக்தியெல்லாம். இதை நியாயம் என்று யாராலும் வாதாட முடியாது. இன்றைக்கு எண்களை நாமே பிரித்து வைக்க முடிகிறதே, அது நல்ல மாற்றம்தான்.

சரி, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இதே கணக்கைப் பலம் 14-க்கும் போட்டுப் பார்த்தேன். 20 வீச்சில் 10 படும். கொப்ளினை ஒரே வீச்சில் கொல்லும் வாய்ப்பு சுமார் 27 சதவீதம். 36 இல்லைதான், ஆனால் 13-ஐப் போல இரண்டு மடங்கு. செயின் மெயிலும் பிரச்சினை இல்லை. நண்பனிடம் ஒரு 14 ஏற்கெனவே இருந்தது, விவேகத்தில். அதைப் பலத்துக்கு நகர்த்தி, 10-ஐ விவேகத்துக்குக் கொடுத்திருந்தால் போதும். புத்தி 16 அப்படியே இருந்திருக்கும். வரைபடக்காரர் வரைபடக்காரராகவே இருந்திருப்பார். நான் 14-ஐக் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் 16-ஐக் கேட்டேன். பெரிய எண் முதன்மைத் திறனுக்கே என்ற பாடத்தை யோசிக்காமல் ஒப்பித்ததன் விலை அது.

எங்கள் மேஜையில் இப்போது பழக்கம் மாறியிருக்கிறது. முதன்மைத் திறன் 14-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன், அதற்கு மேல் தலையிடுவதில்லை. அதற்குப் பதிலாக, "இந்தப் பெரிய எண் ஆட்டத்துல எங்க தெரியணும்?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறேன். வாரத்துக்கு ஒரு காட்சியாவது அந்த எண்ணுக்காக வைப்பது டிஎம்மின் கடமை. பேட்டில் மாஸ்டரின் தந்திரங்களில் புத்தியைச் சேர்க்கவும் அனுமதிக்கிறேன். இதுவரை ஆட்டம் கெட்டுப் போகவில்லை. பயிற்சி பெற்ற திறமைக்கு வேறு திறனைச் சேர்த்து உருட்டும் மாற்று விதி 2014 புத்தகத்திலேயே இருக்கிறது. பலத்தைக் காட்டி மிரட்டலாம் என்பது அதில் உள்ள உதாரணம். ஓரமாக ஒரு பெட்டியில் கிடப்பதால் யாரும் சீந்துவதில்லை.

போன வாரம் நண்பனுக்கு இந்தக் கணக்கை அனுப்பினேன். பழைய தாளைக் கிழிக்காமல் வைத்திருக்கிறானாம். "விவேகம் 10-னா ஆளு கொஞ்சம் மறதிக்காரனா இருப்பானே" என்று மட்டும் கேட்டான். இருக்கட்டும், வரைபடம் கையில் இருக்கிறதே என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.