காரீய மடிப்பு

இங்கிலாந்தின் பழைய வீடுகளில் கூரை ஒழுகினால் முதல் சந்தேகம் புகைபோக்கியின் மேல்தான். செங்கல் தூணும் மரச்சட்டத்தில் நிற்கும் சிலேட்டுக் கூரையும் வெயிலிலும் குளிரிலும் ஒன்றுபோல அசைவதில்லை. இடுக்கில் சிமெண்ட் பூசினால் நாளடைவில் விரிசல் விடும். தார் பூசுவது இன்னும் மோசம்: ஓட்டை மறையும், உள்ளே புகுந்த ஈரம் அங்கேயே தங்கும்.

தேர்ந்த தொழிலாளி காரீயத் தகட்டை எடுக்கிறார். சரிவுக்கேற்பப் படிக்கட்டு வடிவில் வெட்டி, பழைய காரையைச் சுரண்டிய செங்கல் இடுக்கில் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் செருகி, காரீயச் சுருளாலேயே ஆப்பு வைத்து இறுக்குகிறார். பிறகு மரக்கட்டையால் தட்டித் தட்டிப் படியவைக்கிறார். ஒரே துண்டாக 1.5 மீட்டருக்கு மேல் போடமாட்டார். வெயிலில் நீள இடமில்லாவிட்டால் தகடு கிழிந்துவிடும். ஒரு துண்டின் மேல் இன்னொன்று மீன் செதில்போல ஏறி நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது புகைபோக்கியின் முதுகுப்புறம். மேலிருந்து ஓடிவரும் தண்ணீர் மோதும் இடம் அது. அங்கே ஒரு காரீய வாய்க்கால். புகைபோக்கி அகலமானதென்றால் சிறு முகடு ஒன்று கட்டித் தண்ணீரை இரண்டாகப் பிரித்து அனுப்புவார்கள். எவ்வளவு அழகான யோசனை! கடைசியாகத் தகட்டின் மேல் எண்ணெய் பூச வேண்டும். இல்லையென்றால் முதல் மழையிலேயே வெள்ளைக் கறை ஓடுகளில் வழியும்.