கறுவாத்தோட்டத்து நவீனம்
கொழும்பின் ஓவியமும் கட்டடமும் குறித்துச் சில சிந்தனைகள்

தமிழில் விமரிசனம் என்ற சொல் பெரும்பாலும் இலக்கிய விமரிசனத்தையே குறித்து நிற்கின்றது. நாவலொன்று வெளிவந்தால் அதன் உருவம், உள்ளடக்கம், வர்க்கச் சார்பு என்பன பற்றி நாம் பல மாதங்கள் வாதிக்கின்றோம். ஆனால், அவ்வாதம் நிகழும் மண்டபத்தை அமைத்தவர் யார், அதன் கூரை ஏன் அவ்வாறு சரிந்துள்ளது, சுவரில் தொங்கும் ஓவியம் எம்மரபைச் சார்ந்தது என்னும் வினாக்கள் எம்மிடையே எழுவதில்லை. இதனால் நேர்ந்த விளைவு யாதெனில், நாம் கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் காலங்காலமாக வாழ்ந்துவரும் கொழும்பு நகரிற் சென்ற நூற்றாண்டில் உருவாகி உலகின் கவனத்தை ஈர்த்த கலை இயக்கமொன்று, தமிழ் வாசகனுக்கு ஏறக்குறைய அந்நியமாகவே இருந்துவிட்டது. அவ்வியக்கத்தின் வரலாற்றை முழுமையாகத் தருவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இந்நவீனம் யாருடையது என்ற வினாவொன்றே இதனை எழுதத் தூண்டியது.

1943 ஆம் ஆண்டு, போர்க்காலக் கொழும்பில், லயனல் வென்ட் என்னும் புகைப்படக் கலைஞரின் இல்லத்திற் கூடிய ஓவியர் சிலர் ‘43 குழு’ எனத் தம்மை அழைத்துக்கொண்டனர். ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், ஓப்ரி கொலெற், ஜெப்ரி பெய்லிங், றிச்சட் கேப்ரியல், மஞ்சுசிறி முதலியோர் இதன் முன்னோடிகளாகக் குறிப்பிடப்படுவர். 1891 இல் நிறுவப்பட்ட இலங்கைக் கலைச்சங்கம் போற்றிவந்த விக்ரோரியா காலத்துப் பிரதிபண்ணும் ஓவியமுறைக்கு எதிரான கலகமாகவே இக்குழு தோன்றியது. வென்ட் அடுத்த ஆண்டே மறைந்தார். எம்மிற் பலருக்கு அவர் பெயர் ஒரு நாடக அரங்கின் பெயராகவே தெரியும். அவரது வீடிருந்த நிலத்தில் 1953 இல் எழுந்த அவ்வரங்கிலே தமிழ் நவீன நாடகங்களும் மேடையேறியுள்ளன. ஆயினும், நாடகம் பார்க்கச் சென்றவர்களுள் வென்டின் புகைப்படங்களை நின்று பார்த்தவர் எத்தனை பேர்?

குழுவினருள் கீற் தனித்து நோக்கத்தக்கவர். கண்டியிற் பிறந்த பறங்கியரான அவர், பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் 1939 தொடக்கம் 1940 வரை புத்தர் சரிதத்தை வரைந்தார். அவ்விகாரையுள் நுழைபவர் முதலில் உணர்வது கோட்டின் ஆட்சியையே. தடித்து, வளைந்து, ஓருருவிலிருந்து மற்றோர் உருவுக்கு இடையறாது ஓடும் கோடு அது. நிழலிட்டுத் திரட்சி காட்டும் மேனாட்டு முறை அங்கில்லை. சிகிரியாவும் அஜந்தாவும் ஒரு புறமும், பிக்காசோவும் பிராக்கும் மறுபுறமும் நின்று அவருக்குக் கற்பித்தவை அச்சுவரில் முரண்படாது இணைகின்றன. கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இவரே. கண்ணனும் இராதையும் நாயகியரும் பின்னாளில் அவரது நிரந்தரப் பொருளாயினர். இப்பிற்கால ஓவியங்களையே வரவேற்பறைகள் விரும்பி வாங்கின. என் மதிப்பீட்டில் அவற்றுட் பல, முன்னர் கண்டடைந்த வடிவத்தைத் திரும்பத் திரும்ப ஒப்புவிப்பனவேயாம். கோதமி விகாரையில் ஒரு தேடல் இருந்தது. பின்னர் கைப்பழக்கம் மேலோங்கிற்று.

முன்னோடிகளென மேலே சுட்டிய பெயர்களுள் தமிழ்ப் பெயர் எதுவும் இல்லை என்பதை வாசகர் கவனித்திருப்பர். இதனை ஓர் இனம் மற்றோர் இனத்தைப் புறக்கணித்த செயலெனக் கொள்ளுதல் எளிது. ஆனால் அது போதிய விளக்கமாகாது. குழுவின் கூட்டங்கள் ஆங்கிலத்தில் நிகழ்ந்தன. கூடிய இடங்கள் கறுவாத்தோட்டத்தையும் அதன் அயலையும் சார்ந்தவை. பணத்துக்காகத் தொழில் செய்யவேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுட் சிலருக்கு இருக்கவில்லை. கொழும்புத் தமிழ் மத்தியதர வர்க்கமோ மருத்துவம், சட்டம், பொறியியல், அரசாங்க எழுதுவினைஞர் சேவை என்பவற்றின் வழியே மேலெழுந்தது. அவ்வர்க்கத்துக்குச் சித்திரம் பாடசாலைப் பாடமேயன்றி வாழ்வின் வினாவாக அமையவில்லை. அதன் செல்வந்தர் கலைக்குச் செலவிட்டபோது கோயிலுக்கே செலவிட்டனர். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை 1907 தொடக்கம் 1912 வரையான காலப்பகுதியிற் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முற்றிலும் கருங்கல்லால் மீள எழுப்பியமை இதற்குத் தக்க சான்று. அதன் கல்தூண் மண்டபத்தின் இருளும் குளிர்மையும் கொழும்பின் எந்தக் கட்டடத்துக்கும் குறைந்தவையல்ல. ஆயினும், அது விசயநகரப் பாணியை மீட்டெடுத்த செயலே. புதியதொன்றைத் தேடிய செயலன்று. யாழ்ப்பாணத்தில் நிலைமை சற்று வேறுபட்டிருந்தது. 1920களிற் கீற்றுக்கு ஊக்கமளித்த சித்திரக் கல்வி அதிகாரி வின்சரின் பெயரால் அங்கும் ஓவியக் கழகமொன்று தோன்றியது. அது தனியே எழுதப்படவேண்டிய வரலாறு.

இவ்விடத்தில் ஒரு முரணைச் சுட்டாது செல்லுதல் இயலாது. கண்டிய கைவினை மரபை முதன்முதலில் ஆராய்ந்து 1908 இல் பெருநூலாக வெளியிட்டவர் ஆனந்த குமாரசுவாமி, முத்துக்குமாரசுவாமியின் மைந்தர். பின்வந்த நவீனக் கட்டடக் கலைஞர் கண்டிய ஓட்டுக்கூரையையும் அரக்கு வேலையையும் பாய் நெசவையும் நாடிச் சென்றபோது, அவர் வெட்டிய பாதையிலேயே சென்றனர். தேசியக் கலைக்கூடம் இன்று அவர் பெயர் கொண்ட வீதியில் உள்ளது. அவ்வீதியோரத்தில் ஆண்டுதோறும் ஓவியச் சந்தை கூடுகிறது.

குமாரசுவாமியின் சிந்தனையைச் சுவரும் கூரையுமாக முதலில் மாற்ற முயன்றவர் மினெற் டி சில்வா. 1918 இல் கண்டியிற் பிறந்து, பம்பாயிலும் இலண்டனிலும் கற்று, 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக்கலை நிறுவனத்தில் அங்கத்துவம் பெற்றார். ஆசியப் பெண்களுள் இப்பேற்றை முதலிற் பெற்றவர் அவரே. லெ கொர்பூசியேயின் நண்பர். ஆயினும், அவரது கொங்கிறீற்றுப் பெட்டிகளைக் கண்டியில் இறக்கி வைக்கவில்லை. 1951 இல் முடிவுற்ற கருணாரத்ன இல்லத்தில் தும்பறைப் பாய் நெசவைக் கதவிற் பதித்தார். கீற்றின் சுவரோவியத்தை உள்ளே அமைத்தார். கொழும்பில் 1950களில் அவர் கட்டிய பீரிஸ் இல்லம் தூண்களின்மீது உயர்ந்து நிற்க, முற்றமும் தோட்டமும் அதன் கீழாக ஒன்றோடொன்று கலக்கும். கண்டி வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டத்தில், குடியேறப்போகும் அரச ஊழியர்களிடமே அவர்தம் தேவைகளைக் கேட்டறிந்து வீடுகளை வகுத்தார். பிற்காலத்தில் நாம் ‘பாவா பாணி’ என ஒரே மூச்சிற் கூறும் முற்றம், உள்ளும் புறமும் இழையும் வெளி, கைவினைஞருடனான கூட்டுழைப்பு ஆகியவை இவரது வேலையில் முன்னதாகவே காணப்படுகின்றன. வறுமையிலும் மறதியிலும் 1998 இல் அவர் மறைந்தார். பெண்ணாயிருந்தமை அம்மறதிக்குக் காரணமன்று எனக் கூறுபவர், அக்காலக் கட்டுமானத் துறையை அறியாதவர்.

ஜெப்ரி பாவா (1919–2003) முதலிற் சட்டத்தரணி. முப்பத்தெட்டு வயதிலேயே கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார். அல்பிரட் பிளேசில் ஈனா டி சில்வாவுக்காக 1960 தொடக்கம் 1962 வரை அவர் அமைத்த இல்லமே கொழும்பின் வீட்டமைப்பைத் திசை திருப்பியது. அதுவரை கொழும்புச் செல்வந்தரின் வீடு, நிலத்தின் நடுவே நின்று நாற்புறமும் சாளரம் திறந்து, தன்னைத் தெருவுக்குக் காட்டிக்கொண்ட பங்களாவே. பாவா இவ்வொழுங்கைத் தலைகீழாக்கினார். தெருவுக்கு மதிலே முகம். அதனுள்ளே ஒரு பெருமுற்றம், அதனைச் சூழச் சிறு முற்றங்கள், அவற்றை நோக்கித் திறந்த அறைகள். நாற்சார் வீட்டில் வளர்ந்த யாழ்ப்பாணத்தவருக்கு இது புதுமையாகத் தோன்றாதிருக்கலாம். புதுமை முற்றத்தில் இல்லை. அயல்வீடுகள் நெருங்கிவிட்ட நகரத்துச் சிறு காணியில் காற்றையும் தனிமையையும் முற்றத்தின் மூலம் மீட்டெடுத்ததிலேயே உள்ளது.

இப்பாணியின் பொருளாதார அடிப்படை போதிய அளவு பேசப்படுவதில்லை. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. கண்ணாடியும் உருக்கும் அரிதாயின. எஞ்சியவை செங்கல், களிமண் ஓடு, கருங்கல், தென்னைமரம், சுண்ணாம்பு. பாவாவும் அவருடன் பணியாற்றிய டென்மார்க் நாட்டவரான உல்றிக் பிளெஸ்னரும் நெளிசீமெந்துத் தகட்டின்மீது அரைவட்ட ஓட்டைப் பதிக்கும் முறையைக் கையாண்டனர். ஒழுக்கு நின்றது, சரிவைக் குறைக்கவும் முடிந்தது. பின்னர் ‘இலங்கையின் ஆன்மா’ என்றெல்லாம் வியந்துரைக்கப்பட்ட கூரையின் ஒரு பாதி, இறக்குமதிக் கட்டுப்பாட்டின் குழந்தை எனலாம். இவ்வாறு கூறுவது அதன் அழகைக் குறைப்பதன்று. தட்டுப்பாட்டை வடிவமாக மாற்றியமையே அக்கலைஞர்களின் சாதனை.

பேய்ரா வாவியின்மேல் 1970களின் பிற்பகுதியில் அமைந்த சீமமாலகம், அனுராதபுரத்து வன விகாரைகளை நினைவூட்டும் பௌத்தத் தியான மண்டபம். நீர்மேல் மூன்று மேடைகள், நடுவே மரச்சட்டங்களாலான, காற்றுப் புகும் மண்டபம், நீலநிற ஓட்டுக்கூரை. இதற்குப் பொருளுதவி செய்தது, மகனை இழந்த ஒரு முஸ்லிம் வணிகக் குடும்பம். அமைத்தவரோ தந்தைவழியில் முஸ்லிம் மரபையும் தாய்வழியிற் பறங்கியர் மரபையும் உடையவர். 1967 இலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவரது நிறுவனத்திற் பங்காளராயிருந்து பெருங்கட்டடங்களுக்குப் பொறியியல் ஆதாரம் வழங்கியவர் கே. பூலோகசுந்தரம் என்னும் தமிழர். பாவாவின் கற்பனை விழாமல் நின்றதற்குக் காரணமானவர்களுள் அவர் முதன்மையானவர். எனினும், வண்ணப்படங்கள் நிறைந்த நூல்களில் அவருக்குக் கிடைப்பது சில வரிகளே. கொழும்பின் நவீனத்தை ஓரின மரபின் தூய வெளிப்பாடாகக் காட்ட முனைபவர்களுக்கு, இம்மண்டபம் ஒன்றே மறுப்பாகும்.

ஆனால் அரசு இவ்வடிவத்தைக் கையிலெடுத்தபோது அதன் பொருள் மாறியது. கோட்டையில் தியவன்னா ஓயாவின் சதுப்பைத் தோண்டி உருவாக்கிய ஏரியின் நடுவே, மூன்றாண்டுகளுள், 1982 ஏப்பிரிலிற் பாராளுமன்றம் திறக்கப்பட்டது. செப்புக் கூரைகள் ஒன்றன் பின் ஒன்றாக நீர்மேல் மிதப்பனபோல நிற்கும் காட்சி உண்மையிலேயே பேரழகு வாய்ந்தது. தென்னிந்தியக் கோயில் மண்டபங்களின் சாயலும் அங்குண்டு என்பர். எவ்வாறாயினும், அக்கட்டடம் எழுந்தது பழைய சிங்கள இராசதானியின் நிலத்தில். பார்ப்போர் மனத்திற் பதிவது கண்டிய கூரையே. ஓராண்டின் பின், 1983 யூலையில், தலைநகரிலே தமிழர் வீடுகள் எரிந்தன. ஓகஸ்டில் அம்மண்டபத்திலேயே ஆறாவது திருத்தம் நிறைவேறியது. அதன்படி சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் தம் ஆசனங்களை இழந்தனர். லக்கி சேனநாயக்க வெள்ளியில் வடித்த பனையோலை விளக்கு அச்சபையில் தொங்குகிறது. அதன்கீழ் அன்று வடக்கின் பெரும்பாலான ஆசனங்களுக்கு ஆளிருக்கவில்லை. கட்டடக் கலைஞனை இதற்குப் பொறுப்பாளியாக்குவது நியாயமன்று. எனினும், கூரையின் ஒத்திசைவை மட்டும் புகழ்ந்துவிட்டுச் செல்லும் விமரிசனமும் நேர்மையானதன்று.

‘தேசியப் பாணி’ என்ற அளவுகோலினாற் பாதிக்கப்பட்டவர்களுள் வலன்ரைன் குணசேகரவும் ஒருவர். பாவாவின் நிறுவனத்திலிருந்து பிரிந்த அவர், வெறுங் கொங்கிறீற்றின் நேர்மையில் நம்பிக்கை வைத்தவர். கொழும்பில் இலங்ககோன் இல்லமும், தங்காலையில் 1972 அளவில் முடிவுற்ற விடுதியும் அவர் பெயர் சொல்வன. அவரை நாடியவர்கள் பெரும்பாலும் நிலப்பிரபுத்துவ நினைவுகள் இல்லாத புதிய மத்தியதர வர்க்கத்தினர். வளவின் ஏக்கம் அவர்களுக்கு இல்லை. எனவே வளவின் கூரையும் தேவைப்படவில்லை. ‘இது இலங்கைக்குரியதன்று’ என்ற தீர்ப்பு அவர்மீது விழுந்தது. அவர் இறுதியில் அமெரிக்கா சென்றார். இலங்கைக்குரியது எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்ற வினாவை அவரது வாழ்க்கை எழுப்புகிறது.

ஈனா டி சில்வாவின் இல்லம் 2009 இல் விற்பனையானபோது, அதனை இடிக்க விடாது, கல்லுக்கும் தூணுக்கும் எண்ணிட்டுக் கழற்றி, பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுசென்று மீள நிறுவினர். போற்றத்தக்க பணியே. ஆயினும், நெருக்கமான நகரத்துக் காணிக்கென்று பிறந்த வீடு, நகரத்தை விட்டுத் தோட்டத்தில் நிற்கும்போது அதன் வாதத்தின் பாதி போய்விடுகிறது.

இனி, வெள்ளவத்தை. பாப்லோ நெருடா 1929 இற் சிலி நாட்டுத் துணைத்தூதராக வந்து கடற்கரையோர வீடொன்றிற் குடியிருந்ததும் வென்டுடன் நட்புப் பூண்டதும் இங்கேதான். 1983 இல் எரிந்த ஒழுங்கைகள் பலவும் இங்கேயே. போர்க் காலத்தில் வடக்கிலிருந்து வந்தவர்களும், வெளிநாட்டுப் பிள்ளைகளின் பணத்தில் வீடு தேடியவர்களும் வேண்டி நிற்க, தனிவீடுகள் இருந்த காணிகளில் அடுக்குமாடிகள் எழுந்தன. அவற்றில் முற்றமில்லை, இரும்புக் கிறாதியிட்ட மாடமுண்டு. துளசிச் சாடிக்கு அம்மாடத்தின் மூலையும், சாமிப் படத்துக்குச் சமையலறைத் தட்டும், சாவி வாங்காமல் எவரும் ஏறமுடியாத வாயிலும் உண்டு. பாவாவின் மதில் தனிமையை வேண்டி எழுந்தது. இவ்வாயிற்கதவு அச்சத்தால் எழுந்தது. கொழும்பின் நவீனக் கட்டடக்கலைக்குத் தமிழர் அளித்த பங்கு யாதென வினவினால், அழகற்றவையெனக் கட்டடக் கலைஞர் ஒதுக்கும் இம்மாடிகளையே முதலிற் காட்டவேண்டியிருக்கும். அவற்றின் தளப்படங்களைத் திரட்டி, குடியிருப்போரைக் கேட்டு, ஒருவரும் இதுவரை விரிவாக எழுதியதாகத் தெரியவில்லை. வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கிப் படிக்கும் எம் மாணவர் எவரும் நாளையே அதனைத் தொடங்கலாம்.