ஊசியில் ஓடும் தாளம்

கம்பளி பின்ன இரண்டே வகைக் கண்ணிகள் போதும். வளையத்தை முன்பக்கம் இழுத்தால் வழவழப்பு. பின்பக்கம் தள்ளினால் சிறு புடைப்பு. இவற்றை அடுக்கும் வரிசையில்தான் அத்தனை அழகும் பிறக்கிறது.

வட்ட ஊசியில் 40 கண்ணிகள் ஏற்றி, இரண்டு வழவழப்பு, ஒரு புடைப்பு என்று விடாமல் பின்னிப் பாருங்கள். 40 மூன்றால் வகுபடாது, ஒன்று மிஞ்சும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் புடைப்பு ஒரு கண்ணி நகர்ந்து, துணி நெடுகச் சாய்வான வரிகள் சுழன்றேறும். மூன்று சுற்று முடிந்ததும் வரிசை பழைய இடத்துக்கே வந்து சேரும். கர்நாடக இசையிலும் இப்படித்தான்: ஆதி தாளத்தின் 8 அட்சரங்களில் மும்மூன்றாகச் சொற்கட்டை ஓட்டினாலும் மூன்றாவது ஆவர்த்தனம், அதாவது தாளச் சுற்று, முடிந்ததும் தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து விழும். கணக்கு ஒன்றுதான், அங்கே காதுக்கு, இங்கே விரலுக்கு.

1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணிதவியலாளர் குரோஷா ஊசியால், எங்கும் குதிரைச் சேணம்போல் வளையும் அதிபரவளையத் தளத்தையே பின்னிக் காட்டினார். குறிப்பிட்ட எண்ணிக்கைக் கண்ணிகளுக்கு ஒருமுறை ஒரு கண்ணியைக் கூட்டிக்கொண்டே போனார். விளிம்பு மடிப்பு மடிப்பாக அலைந்தது. அந்தத் தளத்தின் காகித மாதிரிகள் எளிதில் கிழிந்துவிடும். இந்தப் பின்னலையோ கையில் எடுத்து மடித்துப் பார்த்தே வடிவியல் கற்கலாம். பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்படும் கைவேலைக்குள் இவ்வளவு அறிவு இருக்கிறது. பிள்ளைகளின் கணக்கு வகுப்பில் ஊசிக்கும் நூலுக்கும் இடம் தரலாம்.