தென்றல் சுடும் என்றால்

பொதிகைத் தென்றல் ஒரு பெண்ணைச் சுட்டால் அதற்கு நம் மரபு தரும் பொருள் ஒன்றுதான்: அவள் தலைவனைப் பிரிந்திருக்கிறாள். பாளையங்கோட்டையில் இதைப் பாடம் நடத்திய நாளில், வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்து சொன்னாள்: “காத்து பட்டா எனக்கு நெசமாவே சுடும் மேடம். துப்பட்டாவ மூஞ்சில சுத்திக்கிட்டுதான் பஸ்ஸுல வாரேன்.”

அவளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை நோயெதிர்ப்பு மண்டலமே அரிக்கும் நோய். பெண்களுக்கே அதிகம் வருவது. முக உணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பு மூளைத்தண்டில் நுழையுமிடத்தில் அந்த அரிப்பு நேர்ந்தால், பல் துலக்குவதும் சோறு மெல்லுவதும் மின்னல் வெட்டாகும். இது தெரிவதற்குள் அவள் இரண்டு கடைவாய்ப் பற்களை இழந்திருந்தாள். ‘கல்யாணம் ஆனால் சரியாகும்’ என்றும் கேட்டிருந்தாள்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவி மெலிகிறாள். செவிலி அறிந்தவர்களைக் கேட்கிறாள்; தெய்வங்களுக்குப் பூவும் புகையும் இடுகிறாள். தோழி காதலைச் சொல்லி விளக்குகிறாள். அறத்தொடு நிற்றல் என்று மெச்சுகிறோம். ஆனால் தலைவியின் சொல்லும் தோழியின் வாய்வழியேதான் நமக்கு வருகிறது. நோயைப் படிப்பவர்கள் மாறுகிறார்கள். நோயுற்றவள் செவிலியிடம் பேசுவதே இல்லை. அது வெறும் நோயாகவே இருந்திருந்தால்?

அவள் பேசாததன் விலை மருந்துச் சீட்டில் தெரியும். வழக்கமாக முதலில் தருவது கார்பமசெபைன். வலியை அடக்கும், தள்ளாட்டமும் சோர்வும் தந்து, ஸ்கிளிரோசிஸே முற்றிவிட்டதோ என மயக்கவும் செய்யும். சிலருக்குத் தோல் உரியும் கடும் ஒவ்வாமை வரும். அதற்கான மரபணு ஆபத்தை இரத்தச் சோதனையில் முன்பே அறியலாம். கருத்தடை மாத்திரையின் வலுவை இம்மருந்து குறைக்கும். கருவின் முதுகுத்தண்டு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். மணமாகாத பெண்ணிடம் இதைச் சொல்லப் பலருக்கும் நா எழுவதில்லை.

மாத்திரை போதாவிட்டால், நரம்பை அழுத்தும் இரத்தக் குழாயை விலக்கும் அறுவை உண்டு. இந்நோயில் வலியின் வேர் பெரும்பாலும் மயலின் அரிப்பில் இருப்பதால், மற்றவர்களுக்குக் கிடைக்குமளவு பலன் கிடைப்பதில்லை. கன்னம்வழி ஊசி செலுத்தி நரம்பைச் சுடலாம், கிளிசரால் இடலாம், பலூனால் அழுத்தலாம். காமா நைஃப் கதிரும் உண்டு, பலன் தெரிய வாரங்களோ மாதங்களோ ஆகும். எதிலும் வலி திரும்பலாம், முகம் மரத்துப்போகலாம். மரத்த கன்னமா, மின்னல் வெட்டும் கன்னமா என்பதை அந்த முகத்தோடு வாழ்பவள்தான் தீர்மானிக்க முடியும்.

அந்தப் பருவத் தேர்வில் ஒரு கேள்வி வைத்தேன்: தலைவி தானே செவிலியிடம் பேசினால் என்ன சொல்வாள்? பலரும் காதலை எழுதினார்கள். அவள் எழுதியது மூன்றே வரி: எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, எவ்வளவு நேரம் வலிக்கிறது.