வட்டம் கலையும் இடம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் கிளாஸ் வாரத்துக்கு ஒன்றுதான். அதையும் பாதி நாள் கணக்குப் பாடம் விழுங்கிவிடும். மிச்சமிருந்த நாள்களில் நாங்கள் கற்றுக்கொண்டது இரண்டே பிராணிகள். 2 போட்டு, அதன் அடிக்கோட்டை வளைத்து மேலே கொண்டுபோய்க் கழுத்தில் சேர்த்தால் வாத்து. பெரிய சைபரின் தலையில் சின்ன சைபர் வைத்து, இரண்டு காதும் ஒரு வாலும் போட்டால், முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் பூனை.

வாத்து வெறும் தந்திரம். நூறு தடவை போட்டாலும் வாத்தைப் பற்றி ஒன்றும் தெரியவராது. பூனை அப்படியில்லை. உட்காரும்போது அதன் கனமெல்லாம் பின்பக்கம் இறங்கி, உடம்பு நிஜமாகவே அடி பருத்த சைபராகத்தான் ஆகிறது. அந்த வட்டத்தை நாம் பூனைமேல் கொண்டுபோய் வைக்கவில்லை. பூனையிடமிருந்து எடுத்தோம். இந்த வித்தியாசம் எனக்குப் பிடிபட முப்பது வருஷம் ஆனது.

பிடிபட வைத்தவர் ஹொக்குசாய். ஃபூஜி மலைக்கு முன்னால் சீறி எழும் அந்தப் பேரலைப் படத்தால் உலகம் அறிந்த ஜப்பானியர். அலைக்குச் சுமார் இருபது வருஷத்துக்கு முன்பே, 1812இல், 'ரியாகுகா ஹயா ஒஷியே' என்றொரு பாடப் புத்தகம் போட்டார். சுருக்கமாக வரையச் சுருக்காகக் கற்றுத் தரும் புத்தகம் என்று பொருள் கொள்ளலாம். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. எந்த உருவத்துக்கும் அடியில் இருப்பது வட்டமும் சதுரமும்தான் என்பது அந்தப் புத்தகத்தின் கட்சி. காம்பஸும் ஸ்கேலும் கையில் இருந்தால் போதும் என்று மாணவனுக்குத் தெம்பு கொடுக்கிறார்.

ஆனால் படங்களை உற்றுப் பார்த்தால் கிழவரின் குறும்பு தெரியும். முதுகுக் கோடு வட்டத்தின் வளைவில் கொஞ்ச தூரம் ஒட்டிப் போகிறது. பிறகு சட்டென்று பிரிந்து, தன் வழியே இறங்கி, வேறொரு வட்டத்தின் விளிம்பைத் தொட்டுக்கொள்கிறது. எங்கே ஒட்டுவது என்பதைக் காம்பஸ் சொல்லிக்கொடுத்துவிடும். எங்கே விலகுவது என்பதற்குத்தான் ஹொக்குசாய் வேண்டும். எனக்கு இந்தக் கலையின் ருசி முழுவதும் அந்த விலகலில் இருக்கிறது.

விலகத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு படம் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பிரான்ஸில் வில்லார் த ஒனெகூர் என்பவர் வைத்திருந்த தோல் சுவடி இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. மிஞ்சியிருப்பவை 33 ஏடுகள். தேவாலயக் கட்டுமானம், இயந்திரங்கள், சிற்பங்கள் ஆகியவற்றுக்கு நடுவே, ஆடு, குதிரைத் தலை என்று பிராணிகளின் மேல் கோணங்களும் முக்கோணங்களும் போட்டு, வேலையைச் சுலபமாக்கும் வழி இது என்கிறார். சரிதான். இன்னொரு ஏட்டில் நம்மை நேருக்கு நேர் பார்க்கும் சிங்கம் ஒன்று. உயிருள்ள சிங்கத்தைப் பார்த்தே வரைந்தேன் என்று பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறார். பார்த்திருக்கலாம். ஆனால் முகம் காம்பஸால் சுழற்றியது போன்ற உருண்டை. சுற்றிலும் சுருள் சுருளாகப் பிடரி. சாப்பாடு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்த பெரியவரின் களை. வட்டம் சிங்கத்தைத் தின்றுவிட்டது. எனக்கு அந்தச் சிங்கத்தின்மேல் பிரியம்தான், மரியாதைதான் இல்லை.

சரி, வட்டம் எப்போது உதவும்? ஓர் ஆட்டை எடுத்துக்கொள்வோம். புதிதாக வரைகிறவர் உடம்பை ஒரே நீள உருளையாகப் போட்டு, நான்கு மூலையிலும் குச்சிக் கால் நடுவார். ஆடு கட்டிலாகிவிடும். ஒன்றுக்குப் பதில் இரண்டு முட்டை போட வேண்டும். விலா எலும்புக் கூட்டுக்குப் பெரியது, இடுப்புக்குச் சின்னது. பென்சில் தாளைத் தடவினால் போதும், அழுத்தக் கூடாது. முட்டைகளை மேலே முதுகெலும்பும் கீழே வயிறும் இணைக்கின்றன. இடுப்பெலும்புக்கு முன்னால், விலா முடிந்த இடத்தில், ஆட்டுக்கு ஒரு குழி விழும். இரண்டு முட்டைக்கும் இடையே விட்ட சந்துதான் அந்தக் குழி. ஒரே உருளையாகப் போட்டவருக்கு அது வரவே வராது.

அடுத்தது பின்னங்கால். பின்பக்கமாக மடியும் மூட்டைப் பார்த்து ஆட்டுக்கு முழங்கால் திரும்பியிருக்கிறது என்று நினைக்கிறோம். அது குதிகால். ஆடு நிற்பது விரல் நுனியில், குளம்பாகிவிட்ட நகத்தின்மேல். நிஜ முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி, தோலுக்குள் பாதி மறைந்திருக்கிறது. கறிக்கடையில் தொங்கும் தொடையை ஒருமுறை நிதானமாகப் பார்த்தவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலே கொழுத்த முக்கோணம், கீழே வற்றிய கோடு. முன்னங்கால் இன்னும் விசேஷம். அது உடம்போடு எலும்பால் பூட்டப்படவே இல்லை. தோள்பட்டை எலும்பு, விலாவின் வெளிப்புறத்தில் சதையால் மட்டும் கட்டிவைத்த தட்டு. பூனை பதுங்கி நடக்கையில் முதுகுக்கு மேலே இரண்டு மேடு மாறி மாறி எழும்புகிறதே, அது இந்தத் தட்டுதான். ஆகவே தோளுக்குத் தனியாக ஒரு வடிவம், முட்டையின் மேலேயே சாய்த்துப் போட வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் 'நான்கே படிகளில் வரையலாம்' புத்தகங்கள் இந்த இடத்தில்தான் கழன்றுகொள்கின்றன. மூன்றாம் படியில் இரண்டு உருண்டை. நான்காம் படியில் ரோமம், நிழல், கண்ணில் மினுக்கத்தோடு முழுப் புலி. நடுவில் நடந்ததை யாரும் காட்டுவதில்லை. எட் எம்பர்லி என்ற அமெரிக்கர் 1970இல் போட்ட விலங்குப் புத்தகம் இந்தத் திருட்டுத்தனம் செய்யாது. ஒவ்வொரு படிக்கும் எந்தக் கோடு, எந்தப் புள்ளி புதிதாகச் சேர்கிறது என்று வரிசையாகக் காட்டிவிடும். குழந்தை ஏமாறாது. அந்த மிருகங்கள் கடைசிவரை பொம்மையாகவே நின்றுவிடும் என்பதும் உண்மை. அவர் ஆசைப்பட்டது அவ்வளவுக்குத்தான்.

இதே வழியைத் தலைகீழாக நடந்தவர் பிக்காஸோ. 1945 டிசம்பர் 5 முதல் 1946 ஜனவரி 17 வரை, பாரிஸில் மூர்லோ அச்சகத்தில், ஒரே காளையை அவர் கல்லச்சில் பதினொரு நிலைகளாக மாற்றிக்கொண்டே போனார். முதலில் கொழுத்த, நிழல் படிந்த நிஜக் காளை. பிறகு இன்னும் கனக்கிறது. அதன் பிறகு கறி வெட்டுபவர் கோடு போடுவதுபோல் உடம்பைத் துண்டுகளாகப் பிரிக்கிறார். துண்டுகள் வடிவங்களாகின்றன, வடிவங்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. பதினொன்றாவதில் மிஞ்சுவது சில கோடுகள், கடுகளவு தலை, ஒரு ஜோடிக் கொம்பு. ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் வந்து முடித்திருக்கிறாரே என்று அச்சகத்தில் கேலி செய்ததாகச் சொல்வார்கள். கேலி நியாயம்தான். ஆனால் அந்தக் கடுகுத் தலையைப் பாருங்கள். காளையின் பலம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று முடிவுகட்டிய கை அது. அந்த முடிவை எடுக்க முந்தைய பத்தும் தேவைப்பட்டன.

நான் இப்போது காலையில் டீக்கடை பெஞ்சில் சின்ன நோட்டோடு உட்கார்கிறேன். ஆடு நிற்காது. இரண்டு முட்டை போட்டு நிமிர்வதற்குள் அடுத்த சுவரொட்டியைத் தேடிப் போயிருக்கும். என் நோட்டில் தலையில்லா ஆடுகள் ஏராளம். கடையோரத்தில் சுருண்டு கிடக்கும் நாய்தான் சாதுவான மாடல். மூக்கை வாலுக்கடியில் செருகிக்கொண்டால் கிட்டத்தட்ட ஒரே வட்டம். அதில் பிதுங்குவது ஒரு காது மட்டும். நேற்று அதில் ஈ வந்து உட்கார, காது விசுக்கென்று மடிந்து நிமிர்ந்தது. அந்தக் கோட்டை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்றும் வெற்றிலை மாதிரி இருக்கின்றன.